பொருத்தனைப் பிள்ளையின் விண்ணப்பம்

இறையியல் கல்லூரிகளின் சேர்க்கை விண்ணப்பத்தில் வேறு எந்தக் கல்லூரியும் கேட்காத ஒரு கேள்வி இருக்கும். பெயர், பிறந்த தேதி, திருமுழுக்குப் பெற்ற நாள், சேகரம், திருமண்டலம், ஆயரின் பரிந்துரை எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, ஊழியத்துக்கான அழைப்பை எப்போது, எப்படி உணர்ந்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். பொறியியல் படிக்க வருகிறவனிடம் உன்னை யார் அனுப்பினார் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே கடவுளைச் சாட்சிக்கு அழைத்து அரைப் பக்கம் எழுத வேண்டும்.

அந்த அரைப் பக்கத்தின் முன் திகைத்து உட்கார்கிறவர்களில் ஒரு வகையினர் தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நன்றாகப் பழக்கமானவர்கள். பிள்ளையில்லாமல் பல வருடம் அழுத தாய், பிறக்கும் பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகப் பொருத்தனை செய்திருப்பார். அல்லது கைக்குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவர் கைவிரித்த இரவில் தகப்பன் அப்படிச் சொல்லியிருப்பார். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, பட்டமும் வாங்கிவிடுகிறது. இனி வாக்கைக் காப்பாற்ற வேண்டியது அந்தப் பிள்ளை. அதற்கோ எந்தக் குரலும் கேட்டதில்லை. அது என்ன எழுத வேண்டும்? பெற்றோரின் வாக்கைத் தன் அழைப்பு என்று எழுதினால் பொய். எழுதாவிட்டால், தாயைக் கடவுளிடம் பொய்யராக்கிய பழி.

இந்த இக்கட்டில் வீட்டார் கையில் எடுப்பது வேதத்தின் சாமுவேல் புத்தகத்தில் வரும் அன்னாளின் கதை. சீலோவின் ஆலயத்தில் மனம் கசந்து அழுது, பிள்ளை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர். பால் மறந்ததும் மகன் சாமுவேலை அங்கிருந்த ஆசாரியர் ஏலியிடம் விட்டுவந்தார். பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. பின்னொரு இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் யாருடையது என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை. மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். தாயின் பொருத்தனை அவனை ஆலயம் வரைதான் கொண்டுவந்து விட்டிருந்தது. கேட்பதை அவன் தானேதான் கேட்க வேண்டியிருந்தது. அதே ஆலயத்தில், பிறப்பால் ஆசாரியர்களான ஏலியின் மகன்கள் இருவரும் காணிக்கையைச் சூறையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அதே புத்தகம் மறைக்கவில்லை.

அன்னாளை அறிந்த வீடுகள் பலவற்றுக்கு லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரம் தெரிந்திருப்பதில்லை. ஒரு மனிதரைப் பொருத்தனையாக நேர்ந்துவிட்டால் அவரை எப்படி மீட்பது என்று அங்கே விலையோடு எழுதியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைக்கு 5 சேக்கல், பெண் பிள்ளைக்கு 3 சேக்கல். நேர்ந்தவர் ஏழையாக இருந்து அவ்வளவு கொடுக்க முடியாவிட்டால், அவருடைய நிலைக்குத் தக்கபடி ஆசாரியர் தொகையைக் குறைக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு விலை வைத்த காலத்துச் சட்டம்தான் அது; அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் நிலையில் இன்று யாரும் இல்லை. ஆனாலும் அதை வகுத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: துயரத்தில் இருக்கும் மனிதர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாததையும் கடவுளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு ஒரு திரும்பும் வழி வைக்க வேண்டும். அந்த வழியை மறந்த பொருத்தனை எங்கே போய் முடியும் என்பதை நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தா காட்டுகிறார். வாய்விட்டவர் தகப்பன், விலை கொடுத்தவள் மகள்.

திருச்சபை இந்த வழக்கை ஒருமுறை வெளிப்படையாகவே விசாரித்திருக்கிறது. பெற்றோர் தங்கள் சிறுவர்களை மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பதற்கு 6ஆம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்கு ஒரு தனி அதிகாரத்தையே ஒதுக்கியிருந்தது. அந்த வழக்கப்படி ஃபுல்டா மடத்துக்குக் கொடுக்கப்பட்டவர், ஒரு சாக்சன் பிரபுவின் மகனான காட்ஷால்க். வளர்ந்த பிறகு, தன் சம்மதமில்லாமல் எடுக்கப்பட்ட உறுதிமொழி தன்னைக் கட்டாது என்று முறையிட்டார். 829இல் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர் மன்றம் அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. மடத்தின் தலைவர் ரபானுஸ் மௌரஸ் அதை ஏற்காமல் பேரரசரிடம் போனார். சிறுவர்களைக் காணிக்கையாக்குவது சரியே என்று ஒரு நூலும் எழுதினார். கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்பதே அவர் கட்சி. அதே வாதம் இன்றும் நம் வீட்டுக் கூடங்களில் ஏறக்குறைய அதே சொற்களில் கேட்கிறது. காட்ஷால்க் வேறு மடத்துக்குப் போனாரே தவிரத் துறவுக் கோலத்திலிருந்து விடுபட முடியவில்லை. மனிதரின் முடிவைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார் என்று போதித்ததற்காகப் பின்னாளில் தண்டிக்கப்பட்டவரும் இவர்தான். சிறுவயதில் நடந்ததை நினைத்தால் அது அவ்வளவு வியப்பாக இல்லை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் 16 வயது நிறையாதவரின் துறவு உறுதிமொழி செல்லாது என்று விதித்தது. ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக மடத்தில் சேர்ப்பவர்களைச் சபித்தும் வைத்தது. அந்த அறிவு வர எழுநூறு ஆண்டுகள் ஆயின.

சீர்திருத்தவாதி லூதரின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1505இல் எர்ஃபுர்ட் அருகே இடி விழுந்த நடுக்கத்தில் அவரே பொருத்தனை செய்து மடத்தில் சேர்ந்தார். மகனை வழக்கறிஞராக்க நினைத்திருந்த தகப்பன் ஹான்ஸ் கொதித்துப்போனார். 1521இல் துறவு உறுதிமொழிகளைப் பற்றி எழுதிய நூலைத் தகப்பனுக்கே காணிக்கையாக்கிய லூதர், சாவுப் பயத்தில் சொன்ன அந்தச் சொல் சுதந்திரமான சொல் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். தானே தன் வாயால் சொன்னதையே பயத்தில் சொன்னதால் செல்லாது என்று அவர் கருதினார் என்றால், இன்னொருவர் தம் பயத்தில் பிள்ளைக்காகச் சொன்னது எப்படிச் செல்லும்? இந்தக் கேள்விக்கு ரபானுஸின் தரப்பில் நல்ல பதில் இல்லை. பெற்றோரின் வாக்கு பெற்றோரைத்தான் கட்டும். அவர்கள் ஜெபிக்கலாம், பிள்ளையை ஆலயத்துக்குக் கூட்டிப்போகலாம், வேதத்தைக் கற்றுக்கொடுக்கலாம், காணிக்கை கொடுத்துப் பொருத்தனையைத் தீர்க்கலாம். பிள்ளையின் வாழ்நாளைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

இது தெளிந்த பிறகும் விண்ணப்பத் தாள் காலியாகத்தான் கிடக்கிறது.

அதை நிரப்ப ஒரு வார்ப்பு தயாராக இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். ஒரு நோய், ஒரு கன்வென்ஷன் கூட்டம், மனதைக் குத்திய ஒரு வசனம், முழங்காலில் கண்ணீர், பிறகு அர்ப்பணம். உண்மையாகவே அப்படி நடந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நடக்காதவர்களும் அதையே எழுதுகிறார்கள். எல்லாரும் எழுதுவதுதானே, அழைப்பு பின்னால் வந்துவிடும், இதில் யாருக்கு நட்டம் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. நட்டம் முதலில் எழுதியவருக்கே. வருமானச் சான்றிதழில் சொன்ன பொய் கோப்புக்குள் கிடந்து மக்கிப்போகும். அழைப்பைப் பற்றிய பொய்யை நேர்காணலில், குருப்பட்ட ஆராதனையில், மாற்றலாகிப் போகும் ஒவ்வொரு சேகரத்தின் வரவேற்பிலும் திரும்பச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் சொன்ன பிறகு, எது நடந்தது, எது எழுதியது என்று சொன்னவருக்கே பிரித்துத் தெரியாது. அப்படிப்பட்டவரைத்தான் நள்ளிரவில் சாகக் கிடக்கும் ஒருவரின் கட்டிலருகே கூட்டிப்போய் உட்காரவைக்கிறோம்.

வேதத்தில் அழைக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்தால் இன்றைய நேர்காணல் குழு எதையும் தேர்ந்திருக்காது. மோசே தனக்குப் பேச வராது, வேறு ஆளை அனுப்பும் என்று வாதாடினார். எரேமியா வயது போதாது என்றார். யோனா எதிர்த்திசைக்குக் கப்பல் ஏறினார். ஆதித் திருச்சபையும் ஆசைப்பட்டு வருகிறவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 374இல் மிலான் நகர மக்கள் ஆயராக்கியபோது அம்புரோஸ் திருமுழுக்கே பெற்றிருக்கவில்லை. 391இல் ஹிப்போவில் அகுஸ்தீனைக் கூட்டம் பிடித்து இழுத்துக் குருவாக்கியது, அவர் அழுதார். நசியான்சுஸின் கிரகோரியைத் தகப்பனே வற்புறுத்திக் குருப்பட்டம் பெறவைத்தார். மகன் ஊரைவிட்டு ஓடி, திரும்பி வந்து, ஏன் ஓடினேன் என்று நீண்டதோர் உரை எழுதினார். வற்புறுத்தியது சரியென்று சொல்வதற்கில்லை. ஆனால் இவர்களில் யாரும் கேட்காத குரலைக் கேட்டதாகச் சொல்லவில்லை.

சீர்திருத்தவாதி கால்வின் அழைப்பை இரண்டாகப் பிரித்தார்: ஒருவர் தன் மனச்சாட்சியில் கடவுள்முன் அறிவது ஒன்று, திருச்சபை வெளிப்படையாக அழைப்பது மற்றொன்று. இரண்டாவதை நிறைவேற்ற வேண்டியவர்கள் திருச்சபையார். விண்ணப்பதாரரின் அரைப் பக்கத்தின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்றிவிட்டு அவர்கள் கையைக் கழுவிக்கொள்வது நேர்மையில்லை. முன்பு இங்கேயே வேறு முறை இருந்தது. 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்டு குரு. அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். 1912இல் தோர்ணக்கலுக்கு ஆயரான வெள்ளாளன்விளை அசரியா, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயர். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக உழைத்துவிட்டு 1909இல்தான் குருப்பட்டம் பெற்றார். செய்த வேலையைப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள். அதைவிட நல்ல பரிந்துரைக் கடிதம் இல்லை. இன்று சேகரத்தில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் கடிதங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கூலி வேலை செய்யும் ஒரு தலித் குடும்பத்தின் பிள்ளைக்கு போதகர் வேலை என்பது சம்பளமும் வீடும் மட்டுமில்லை. தகப்பனைப் பெயர் சொல்லி அதட்டிய தெருவில் மகனை ஐயா என்று கூப்பிடுவார்கள். இந்த ஆசையும் கலந்த அழைப்பு அசுத்தமானது என்று சொல்ல யாருக்குத் தகுதி உண்டு? போதகரின் மகன் போதகராக வரும்போது அதைப் பாரம்பரியம் என்று பாராட்டுகிறோம். கூலிக்காரரின் மகன் வந்தால் பிழைப்புக்கு வந்தவன் என்கிறோம். மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு போன்றவர்கள் நாட்டுப்புற இசையையும் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அழைப்பின் மொழி ஒரே வகை வீட்டில்தான் பேசப்பட வேண்டும் என்று வைத்திருந்தால் அது நடந்திருக்காது. கலப்பு நோக்கம் குற்றமாகாது. மறைத்துவைத்த நோக்கம்தான் குற்றமாக வளர்கிறது, அதிலும் குறிப்பாகத் திருமண்டலத்தின் செலவில் படிக்கும்போது. அந்தப் பணம் பனையேறியும் பீடி சுற்றியும் சேர்த்தவர்கள் பையில் போட்ட காணிக்கை. தன் செலவில் படிப்பவரைவிட இவருக்கு உண்மை சொல்லும் கடமை கூடுதல்.

சிக்கலின் பெரும்பகுதி, படிப்பையும் ஊழியத்தையும் ஒரே வாசலில் வைத்ததால் வந்தது. மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818இல் செராம்பூரில் கல்லூரி தொடங்கியபோது, அது கிறிஸ்தவ இளைஞர்களுக்கும் மற்ற இளைஞர்களுக்கும் என்றே அறிவித்தார்கள். பட்டம் வழங்கும் அதிகாரம் 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் வந்தது. நம் இறையியல் மாணவர்களில் பலர் வாங்கும் பி.டி. பட்டம் இன்றும் அந்தச் செராம்பூரின் செனட் கொடுப்பதுதான். எபிரேயமும் கிரேக்கமும் திருச்சபை வரலாறும் கற்க அழைப்பு வேண்டியதில்லை. ஆர்வமும் உழைப்பும் போதும். படித்து முடித்து, சபைகளோடு சில காலம் வாழ்ந்த பிறகு குருப்பட்டத்துக்கு முன்வருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கட்டும். சேரும்போதே சாட்சி எழுதி வாங்கிவிட்டால், நடுவில் ஐயம் வரும் மாணவருக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. ஐந்தாகமங்களைப் பலர் கைப்பட்ட தொகுப்பாக வகுப்பில் படிக்கும் நாளில் சிலருக்குக் கால் தடுமாறும். ஊரில் வழியனுப்பு ஜெபம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். எந்த முகத்தோடு திரும்புவது?

திரும்ப முடியாமல் போனவர்களின் கதியைத் தத்துவ அறிஞர் டேனியல் டென்னட்டும் லிண்டா லஸ்கோலாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். நம்பிக்கையை இழந்தும் பிரசங்க பீடத்திலிருந்து இறங்காத ஐந்து அமெரிக்கப் போதகர்களோடு அவர்கள் பேசியிருந்தார்கள். ஐயம் பலருக்குச் செமினரியிலேயே தொடங்கியிருந்தது. வேறு தொழில் தெரியாது, குடும்பம் என்னாகும், சபை என்ன சொல்லும் என்ற கவலைகளே அவர்களைக் கட்டிப்போட்டிருந்தன. ஆய்வு செய்தவர்களின் சார்பு எதுவாக இருந்தாலும் அந்தப் போதகர்களின் தனிமை பொய்யில்லை. இதற்கு அன்னை தெரசாவைக் கொண்டு பதில் சொல்வார்கள்: 2007இல் வெளியான கடிதங்களின்படி, பல பத்தாண்டுகள் கடவுளின் மௌனத்தோடு வாழ்ந்தும் அவர் பணியை விடவில்லையே என்று. சரிதான். ஆனால் அவர் அந்த மௌனத்தைத் தம் ஆன்மிக வழிகாட்டிகளிடம் எழுதிக் காட்டியிருந்தார். நம் மாணவருக்கு அதை எழுதிக் காட்ட ஆளில்லை.

ஆகவே கல்லூரிகள் அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டியதில்லை, திருத்தினால் போதும். எப்போது அழைக்கப்பட்டீர்கள் என்பதற்குப் பதிலாக, ஏன் வர நினைக்கிறீர்கள், எதில் உங்களுக்கு உறுதியில்லை என்று கேட்கலாம். நடுவில் விலகுகிறவரின் சான்றிதழ்களை நிறுத்திவைக்காமல், செலவைத் திருப்பிக் கேட்டு மிரட்டாமல், பெயரைப் பிரசங்கத்தில் இழுக்காமல் அனுப்பிவைக்கத் திருமண்டலங்கள் பழக வேண்டும். பொருத்தனை செய்த பெற்றோர் அதைத் தங்கள் உழைப்பாலும் காணிக்கையாலும் தாங்களே தீர்க்கட்டும். விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருப்பவர், அம்மா என்னை ஒப்புக்கொடுத்தார், எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை, படித்துப் பார்க்க விரும்புகிறேன் என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். அதை எழுதியதற்காக இடம் மறுக்கும் கல்லூரி இருந்தால், வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்.