ஓநாய் குற்றவாளியா?

“ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்” என்கிறோம். ஓநாய் அழுததை எவர் கண்டார்? ஆட்டுக்காக அழுவதுபோல் நடித்து ஆட்டையே விழுங்கும் கலை காட்டிலே இல்லை, நாட்டிலேதான் இருக்கிறது. பசித்தால் வேட்டையாடும் விலங்கின்மீது நமது வஞ்சகத்தை ஏற்றி, ‘கொடியது’ என்று பட்டமும் சூட்டிவிட்டோம்.

பட்டம் சூட்டுவது விளையாட்டல்ல, தோழர்களே! அதன் பின்னாலே துப்பாக்கி வருகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1914 முதல் 1926 வரை குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. குட்டிகளும் தப்பவில்லை. கொன்றவர்கள் கள்ள வேட்டைக்காரர்களல்லர், அரசாங்கத்தின் ஆட்கள். சாட்டிய குற்றம் என்ன? மான்களையும் கால்நடைகளையும் கொல்கிறது என்பதே!

ஓநாய் ஒழிந்தது. பின்னர் நடந்தது என்ன? எல்க் மான்கள் மிகுந்து, தளிரையும் கன்றையும் மேய்ந்து தீர்க்கின்றன என்று பூங்காக் காவலரே அவற்றை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றினர், சுட்டும் கொன்றனர். 1968 வரை இது நடந்தது. நின்றதும் மான்கள் மீண்டும் பெருகின. ஓநாய் கொன்றால் கொடுமை. மனிதன் கொன்றால் நிர்வாகம்! இதுவா நீதி?

1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே விட்டனர். மான்கள் குறைந்தன, சில இடங்களில் ஆற்றோர வில்லோ மரங்கள் தழைத்தன. உடனே, ‘ஓநாய் ஆற்றையே திருத்திற்று’ என்று புகழ்மாலை சூட்டவும் ஆட்கள் கிளம்பினர். பகுத்தறிவாளன் அதையும் அப்படியே விழுங்கமாட்டான். மான்கள் குறையக் கரடியும் பூமாவும் வேட்டைக்காரரும்கூடக் காரணம் என்கின்றனர் ஆராய்ச்சியாளர். மரங்கள் எவ்வளவு மீண்டன என்னும் வாதமும் ஓயவில்லை. அரக்கன் என்பதும் கதை. ஆண்டவன் என்பதும் கதை!

ஆனால், கால்நடையைப் பறிகொடுத்தவன் கண்ணீர் கதையல்ல. காட்டின் நலம் அனைவருக்கும் உரியது எனில், அதன் விலையை அவன் ஒருவன் தலையில் கட்டுவது அநீதி. இழப்பீடு அவனுக்கு இரக்கமல்ல, உரிமை.

வேறு வழியிருந்தும் தீய வழியைத் தேர்ந்தவனையே குற்றவாளி என்கிறோம். புல்லைத் தின்று வாழ ஓநாயால் இயலாது. அதற்கு வேறு வழியில்லை. நமக்கோ வழிகள் உண்டு. எண்ணிப் பார்க்க அறிவும் உண்டு. ஆகவே, குற்றக் கூண்டில் ஏறி நிற்கும் தகுதி படைத்தவன் மனிதன் ஒருவனே!