திக்கி ஓதும் பிள்ளை



குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இதைப் பயானில் கேட்டுத் தலையாட்டுவோர், பே, தே என்ற எழுத்துகளின் புள்ளியில் தடுமாறும் தம் பிள்ளையை மட்டும் ‘மக்கு’ என்று அடிப்பது என்ன நியாயம்?

நல்ல அறிவுள்ள பிள்ளைக்கும் எழுத்து மட்டும் பிடிபடாமல் போவதுண்டு. டிஸ்லெக்ஸியா என்பார்கள். இது சோம்பலன்று, ஜின் கோளாறுமன்று. (தாயத்துக்குச் செலவழிப்போர் கவனிக்க!) 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்துள்ளது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் இதற்கென்றே உழைத்து வருகிறது. உரிய மருத்துவச் சான்றிருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் ஆள் என்று சலுகைகள் உண்டு. ஆனால், பெற்றோர் கேட்க வேண்டும்!

மரக்காணம் உப்பளத்தில் பாடுபடும் தகப்பனார், ‘படித்தவர்களிடம் நாம் என்ன பேசுவது?’ என்று ஒதுங்குகிறார். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதற்காகத் தலைமையாசிரியர் முன் நிற்பது யாசகமாகாது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

பிரம்மதேசம் சுற்றுப்புறத்தார் ஜுமுஆ முடிந்ததும் எம்மிடம் வரலாம். மனுவை நாமே எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.