விழாநாள் ஈகை

சிவாகமங்கள் கிரியைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகையாக வகுத்துக் கூறும். நாடோறும் வழுவாது இயற்றற்பாலது நித்தியம். ஒரு நாளேனும் ஒரு நிகழ்ச்சியேனும் நிமித்தமாக இயற்றப்படுவது நைமித்திகம். தாம் வேண்டிய ஒரு பயனைக் குறித்து இயற்றுவது காமியம். காலந்தோறும் நிகழும் பூசை நித்தியத்தின்பாற்படும். கொடியேற்றித் தேரோட்டித் தீர்த்தமாட்டும் மகோற்சவம் நைமித்திகத்தின்பாற்படும். இப்பாகுபாடு கோயிற் பூசைக்கே உரியது என்றெண்ணி அதற்கப்பாற் சிந்தியாது விடுவார் பலர். ஈகைக்கும் இது பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா.

மாநகரங்களில் வாழும் நம்மவர் பெரும்பாலும் விழாக்காலங்களிலேயே ஈகையை நினைக்கின்றனர். ஆடிவேல், நவராத்திரி, தீபாவளி, தைப்பொங்கல் என ஒவ்வொன்றும் அணுகும்போது சங்கங்கள் கூடுகின்றன, நிதி திரளுகின்றது, உலருணவும் பாடக் கொப்பிகளும் புடைவைகளும் பாரவூர்திகளில் ஏற்றப்பெற்று ஏ9 நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி வருகின்றன. வவுனியா நகரைக் கடந்து வருவார் விரைவிலே காணும் ஊர் ஓமந்தை. ஆதலின் இவ்வினாவைக் கொடுப்பார் பக்கத்தினின்று மாத்திரமன்றிக் கொள்வார் பக்கத்தினின்றும் நோக்குதற்கு எமக்கு உரிமையுண்டு.

முதற்கண் ஒரு சாராரை விலக்குதல் வேண்டும். அவர், “விழாக்களை நிறுத்திவிடுக, வாணவேடிக்கைக்கும் மேளத்துக்கும் சாத்துப்படிக்கும் இறைக்கும் பணத்தை ஏழைக்குக் கொடுக்க” என்பர். கேட்பதற்கு இனிய வாதமே. வாணம் முதலிய வீண்செலவுகளை ஆறுமுகநாவலர் அவர்களே கடிந்துரைத்தார்கள். அவர் தாமே 1877ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சகாலத்தில் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தார்கள். ஆயினும், கஞ்சித்தொட்டி வைத்தவர் கோயில் விழாவை ஒழிக்க என்றாரல்லர். விதிப்படி நடத்துக என்றே கூறினார். வறியவன் ஒரு வயிறு மாத்திரம் அல்லன். போரினால் இடம்பெயர்ந்து மீண்டுவந்த வன்னி மக்கள் தகரக் கொட்டில்களில் இருந்துகொண்டே தம் ஊர்க்கோயிற் பொங்கலை மீளத் தொடங்கினர். புளியங்குளத்தை அடுத்த புதூர் நாகதம்பிரான் சந்நிதியிலும், வற்றாப்பளை அம்மன் சந்நிதியிலும் பானை வைத்துப் பொங்கி நிற்போரிடம், “இவ்வரிசியை வீட்டில் வைத்து உண்ணலாகாதோ” என்று வினவுவார் உளராயின், அவர் அம்மக்களின் பசியையும் அறியார், பத்தியையும் அறியார். (கண்ணகை வழிபாடு சைவநெறிக்கு ஒக்குமோ என்னும் பழைய வாதத்தை ஈண்டு எழுப்புதல் வேண்டா.)

இனி, மாநகர் விழா என்றவுடன் திருமயிலை நினைவுக்கு வரும். கடற்றுறைப் பட்டினமாய் விளங்கிய அந்நகரில், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பு நிறைந்த குடத்தை முன்வைத்துத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் பாடியருளிய பதிகத்தை அறியாத சைவர் இலர். அது முழுவதும் விழாக்களின் பதிகம். அதன் கருத்தை விரிக்கப் புகுந்த சேக்கிழார் சுவாமிகள், மண்ணிற் பிறந்தோர் அடையும் பயன் இரண்டென வைத்தார்: அடியாரை அமுது செய்வித்தல் ஒன்று; விழாப்பொலிவைக் கண்ணாரக் காண்டல் மற்றொன்று. இரண்டையும் ஒருசேர வைத்தாரேயன்றி, ஒன்றற்கு ஒன்றைப் பகையாக்கினாரில்லை. இன்றும் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் எழுந்தருளும் நாளில் மயிலாப்பூர் வீதிகளில் நீர்மோரும் சோறும் வழங்குவோர் நெருங்கி நிற்பதைக் காண்பார்க்கு அவ்விரண்டும் ஒன்றாய்த் தோன்றும்.

எனினும், பதிகத்தை முறையாக ஓதுவோர் ஒன்றனை உற்றுநோக்குவாராக. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்கள் திங்களாலேனும் நாளாலேனும் பெயர்பெற்று நிரலே வருகின்றன. இவையனைத்திற்கும் முன்னர், முதற் பாட்டிலே, உருத்திர கணத்தார்க்கு அமுதிடுதல் கூறப்பட்டது. அதற்குத் திங்களும் குறிக்கப்படவில்லை, நாளும் குறிக்கப்படவில்லை. உரைகாரர் இதற்கு வேறு காரணம் கொள்ளினும் கொள்க. யாம் கொள்வது, விழாவிற்கு நாளுண்டு, பசிக்கு நாளில்லை என்பதே. அமுதிடுதல் நித்தியம், ஓணமும் பூசமும் நைமித்திகம். நித்தியம் முன்னிற்க நைமித்திகம் அதனைத் தொடர்தலே முறை.

இதற்கு ஒரு தடை எழும். நித்தியத்தில் நேர்ந்த குறைவு நைமித்திகத்தால் நிறைவுறும் என்பது நூற்றுணிபு. ஆகவே, ஆண்டு முழுதும் ஈயாதிருந்த நகரத்தார் விழாநாளில் மிகுதியாக ஈந்து அக்குறையை நிரப்பிக்கொள்வாராயின் அதிற் குற்றம் யாது? இத்தடை எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் ‘குறைவு’ என்னும் சொல்லின் பொருளை ஓர்தல் வேண்டும். பூசை நிகழும் கோயிலிலே மந்திரலோபமும் கிரியாலோபமும் திரவியலோபமும் உண்டாகலாம், அவையே குறைவு. நாட்பூசையே இல்லாது பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறந்து ஆண்டுக்கொருமுறை தேரிழுத்துவிட்டு, “நித்தியக் குறைவை நிறைவு செய்தோம்” என்பாரை எவரும் ஒப்பார். தொடங்காத ஒன்றற்குக் குறைவு ஏது? நாடோறும் சிறிதேனும் ஈவானுக்கே விழாநாள் ஈகை நிறைவாகும்.

மற்றொன்று, நைமித்திகத்திற்கு நிமித்தம் வேண்டும். யாருடைய நிமித்தம்? நகரத்தார் விழாவுக்கு நிமித்தம் அவர்தம் நாட்காட்டியில் உளது. ஈகைக்கு நிமித்தமோ கொள்வானுடைய குறையன்றோ? இங்கேதான் மாநகரின் பருவமும் வன்னியின் பருவமும் வேறுபடுகின்றன. ஓமந்தைப் புறத்து உழவன் புரட்டாதியிலும் ஐப்பசியிலும் காலபோகத்துக்கு வயலை உழுது விதைக்கின்றான். விதைநெல், உழவியந்திரக் கூலி, பசளை என்று கையிலிருந்தது யாவும் மண்ணுக்குள் இறங்கிவிடும். மனைவியின் சங்கிலி ஈடுவைக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாரித் திங்களிலே கூலிவேலையும் இல்லை, நெற்பையும் வெறுமை. தையின் பிற்பகுதியிலும் மாசியிலும் அருவிவெட்டு. தைப்பூசத்திற் புதிர் எடுக்கும் வழக்கம் இதனால் வந்ததே. ஊர்விழா பயிரின் பருவத்தோடு பிறந்தது. நகரம் அவ்விழாவை எடுத்துச் சென்றபோது பயிரை வயலிலேயே விட்டுச் சென்றது. ஆகவே தைப்பொங்கலுக்கென நகரிலிருந்து வரும் அரிசிப்பொதி, அவன் வயலிற் கதிர் முற்றி நிற்கும் வேளையில் வந்து சேர்கின்றது. ஆடிவேலுக்குத் திரண்ட நிதியிலொரு பகுதி ஆவணியில் விதைநெல்லாக வருமாயின், அது பத்துமடங்கு பயன்படும். நாட்காட்டியை மாத்திரம் நம்பலாகாது என்பதற்கும் அண்மையிலேயே சான்று கண்டோம். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் அப்போகத்து விளைவு நாடெங்கும் குன்றியது. 2022ஆம் ஆண்டுத் தையும் மாசியும் பல உழவர்க்கு நிறைவின் காலமாக இருக்கவில்லை. கேட்டறிந்து ஈவாரே இதனை அறிவர்.

ஈகையின் பருவத்தை மாற்றுதல் மரபுக்கு மாறாகாதோ என அஞ்சுவார்க்குக் கொழும்பு ஆடிவேலே விடையாகும். கதிர்காம யாத்திரிகரிடையே வாந்திபேதி பரவியதனால் ஆங்கிலேய அரசினர் யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்த காலத்திலே, 1874ஆம் ஆண்டில், நாட்டுக்கோட்டை நகரத்தார் கொழும்பிலேயே அவ்விழாவை எடுத்தனர் என்பர். செட்டியார்தெருவினின்று வேல் தேரேறிப் பம்பலப்பிட்டி நோக்கிச் செல்வதனை அந்நகரிற் பிற மதத்தினரும் திரண்டு நின்று கண்டனர். 1983ஆம் ஆண்டு ஆடியில் மூண்ட வன்செயலின்பின் சில ஆண்டுகள் தடைப்பட்டு, மீண்டும் தொடங்கிற்று. கதிர்காமத்து விழா கொழும்புக்கு இடம்பெயர்ந்தது பொதுமக்கள் நலம் கருதியே. ஊர் நன்மைக்காக விழாவின் இடத்தையே மாற்றத் துணிந்த மரபினர், ஈகையின் திங்களை மாற்ற அஞ்சுதல் என்னை?

நாள்பாராது ஈதல் நம்மவர்க்கு அரிதும் அன்று. 2018ஆம் ஆண்டு மார்கழியில் இரணைமடுக்குளம் பெருகிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, பொங்கல் வரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. அதற்கு முன்னர் 2009ஆம் ஆண்டுச் சித்திரை வைகாசித் திங்களில், போர்நிலத்தினின்று வெளியேறிய மக்கள் ஓமந்தைச் சோதனை நிலையத்தின் வழியே ஆயிரமாயிரமாக வந்தனர். செட்டிகுளத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். வவுனியா நகரத்து மக்கள் தம் வீட்டிலும் கோயிலிலும் சமைத்த சோற்றைப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பினர். அப்பொட்டலங்களுக்கு எந்த விழாவும் நிமித்தமன்று. கொடுத்தவர் பெயரும் அவற்றின்மேல் எழுதப்படவில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். இக்காலத்து விழாநாள் ஈகையிற் கொடுப்பவர் படமும் சங்கத்தின் பெயரும் பொறித்த துணிப்பதாகை முன்னே கட்டப்படுகின்றது. அதன்கீழ்க் கைம்பெண்களையும் சிறுவர்களையும் வரிசையாக நிறுத்திப் பொதியைக் கையிற் கொடுத்துப் புகைப்படம் எடுக்கின்றனர். கணக்குக் காட்டுதற்குப் படம் வேண்டும் என்பர். பொதியின் எண்ணிக்கைக்குக் கணக்குச் சீட்டுப் போதும். பெற்றவள் முகம் எதற்கு? பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை அப்படத்தைத் தன் தோழர் கையில் காண நேரும் நாளைக் கொடுத்தவர் எண்ணுவதில்லை. புகழ்வேண்டிச் செய்வது காமியம். அதற்கு நைமித்திகம் என்னும் பெயரும் உரியதன்று.

விழாவின் வருவாயை நித்தியமாக்கிய நெறியும் நம்மிடத்தே உண்டு. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலைத் தாங்கி நடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், கோயிலைச் சார்ந்து ஆதரவற்ற பெண்பிள்ளைகட்கு இல்லம் அமைத்தார்கள். தேர்த்திருவிழாவன்று அடியார் இட்ட காணிக்கை, திருவிழா முடிந்த மறுநாளும் அப்பிள்ளைகளின் உலையில் அரிசியாகின்றது. வவுனியாவிலே கோவில்குளத்துச் சிவன்கோயிலைச் சார்ந்தும் சிறுவர்க்கு இல்லம் நடைபெறுகின்றது. கடல்கடந்து இலண்டனில் ஈலிங் பகுதிக் கனகதுர்க்கை அம்மன் கோயிலார் தம் வருவாயிற் பெரியதொரு பங்கை ஈழத்து ஆதரவற்றோர்க்கென ஒதுக்கி வருகின்றனர். இவற்றுள் எதனிலும் விழா சுருங்கவில்லை. தேர் ஓடுகின்றது, மேளம் ஒலிக்கின்றது. உண்டியல் திறந்தபின் பணம் செல்லும் வழியொன்றே வேறு. நகரத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் இல்லம் அமைத்தல் இயலாது. ஒரு விழாவின் நிதியைப் பன்னிரண்டாகப் பகுத்து, நிலமுமற்று உழைப்பாருமற்ற ஓர் ஊரின் பத்துக் குடும்பங்களுக்குத் திங்கள்தோறும் சேர்ப்பித்தல் இயலும். நிலமுள்ளானுக்குப் பருவமறிந்து ஈதல். நிலமற்ற முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் பருவமின்றி ஈதல்.

கொள்வாராகிய நாமும் இதனின்று விலகியவர் அல்லேம். ஓமந்தையார் கொள்வார் மாத்திரம் ஆகி நிற்பராயின் அதுவும் ஒரு வறுமையே. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடும் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமார் கையில் இருந்தது. கோயிற் கருமத்துக்கும் பள்ளிக் கருமத்துக்கும் அவ்வரிசி சென்றது. பிடியொன்று ஐம்பது கிராம் எனக் கொள்வோமாயின், ஓராண்டில் ஒரு வீட்டில் 18 கிலோவுக்கு மேற் சேரும். நூறு வீட்டில் 1800 கிலோவுக்கு மேல். நம்மூரில் நூறு வீடு சேர்த்தல் அரிதன்று. வெள்ளவத்தை மாடிவீட்டார் அரிசியாக அளப்பதிற் பயனில்லை. அன்றன்று ஒரு பிடியின் விலையை உண்டியலில் இடலாம். இரண்டையும் புரட்டாதி கடைசிச் சனிக்கிழமையில் எண்ணி, அவ்வவ்வூர்க் கோயில் மண்டபத்தில் வைத்து, யார் யார்க்கு எவ்வளவு என்பதை ஊரவரே துணிவாராக. ஐப்பசி மழை இறங்குமுன் பங்கீடு முடிந்துவிடல் வேண்டும்; மழை இறங்கியபின் ஒழுங்கைகளில் வண்டி செல்லாது.