சிறை மீண்டார்க்கு நாம் செய்யற்பாலது

சிறைத்தண்டனை முடிந்து ஊர் மீண்டவனொருவன் நல்லொழுக்கத்தில் நிலைபெற்ற பின்னரே அவனைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டுமோ, அன்றிச் சேர்த்துக்கொண்டாலே அவன் நல்லொழுக்கத்தில் நிலைபெறுவானோ என்பது ஆராயற்பாலதொரு வினா. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களிலே ஆசிரியத்தொழில் புரியும் சைவர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. அத்தகையோரின் பிள்ளைகள் நம் வகுப்புக்களிலேயே இருக்கின்றனர்.

நம்மவருட் பெரும்பாலார் முதற்கொள்கையினர். குடியை விட்டானோவென ஓராண்டு பார்ப்போம், பின்பு கோயிற் காரியங்களுக்கு அழைப்போம் என்பர். கேட்குங்கால் இது நியாயம்போலத் தோன்றும். ஆயின் அவ்வோராண்டை அவன் யாரோடு கழிப்பான் என்பதை அவர் எண்ணுவதில்லை. லயத்துக் கோடியிலே பழைய கூட்டாளிகள் முதல்நாளே அவனை வரவேற்கின்றனர். கசிப்பு விற்பவன் அவனை ஓராண்டு சோதித்துப் பார்ப்பதில்லை.

சிறையினுள்ளே நற்பழக்கம் உண்டாகாதோ எனின், வைகறையில் எழுதலும், காலந்தவறாது உண்டலும், மது நீங்கியிருத்தலும் அங்கே பெரும்பாலும் நிகழ்வனவே. ஆயினும் அவை பிறர் ஏவலால் நிகழ்வன. போகம்பரை மூடப்பட்டு 2014ஆம் ஆண்டிலே கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்ட பின்னரும் நிலைமை இதுவே. ஏவுவார் இல்லாத லயத்து அறையிலே, எழுவர் எண்மர் நெருங்கி வாழுமிடத்திலே, அப்பழக்கங்களை ஒருவன் தனித்துக் காத்தல் அரிது.

உடம்பின் இயல்பும் ஈண்டு அறியத்தக்கது. போதைப்பொருளை நெடுநாள் நீங்கியிருந்த உடம்பு, முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். வெளிவந்தவன் பழைய அளவையே உட்கொள்வானாயின் மூச்சடங்கி இறத்தல் கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே விடுதலைபெற்ற 30,237 பேரைக் குறித்து 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, முதலிரு வாரங்களில் அவர்க்கு நேரும் மரண அபாயம் ஏனை மக்களினும் 12 மடங்குக்கு மேற்பட்டதெனக் கண்டது. ஓராண்டு பார்ப்போம் என்பார் இவ்விரு வாரங்களைச் சிந்திப்பாராக.

அவனவன் வினையை அவனவன் நுகர்கின்றான், இடையிலே நாம் யார் எனச் சித்தாந்தத்தையே துணைக்கழைப்பாரும் உளர். அற்றன்று. வினை நுகர்வு உயிர் பக்குவமடைதற்பொருட்டு இறைவன் திருவருளாற் கூட்டப்படுவது. விதித்த தண்டனையை நுகர்ந்து முடித்தவன்மேல் மீண்டுமொரு தண்டனையைச் சுமத்த நாம் அதிகாரிகளல்லேம். கொடும்பாளூரிலே அரசரது நெற்பண்டாரத்தில் நள்ளிரவிற் களவுசெய்து பிடிபட்டவனை இடங்கழி நாயனார் ஏன் கவர்ந்தாய் என்றே வினவினார். அடியாரை அமுதுசெய்வித்தற்கு வேறு வழியில்லாமையாற் செய்தான் என்றறிந்து அவனை விடுவித்தார். பண்டாரத்தையும் அடியார்க்குத் திறந்துவிட்டார். களவெல்லாம் அத்தகையதென்று நாம் கூறவந்தேமல்லேம். வெறுக்குமுன் வினவினார் என்பதையே இங்கு எடுத்துக்கொள்கின்றேம்.

நாமும் வினவினால், அபராதம் கட்ட வகையின்றியே சிறை புகுந்தவர் இந்நாட்டிற் பெருந்தொகையினர் என்பது தெரியவரும். நம் முன்னோரை எண்ணினாலும் நாணமே மிகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாயினான். அத்தண்டனை 1920களிலேதான் நீங்கியது. சிறை மீண்டவனை இகழும் குடும்பங்களிலே பாட்டன் பூட்டன் அவ்வாறு சிறையிருந்ததை அறியாதன எத்தனையோ!

மிஷன் பள்ளியிற் கற்றமையால் மற்றொன்றும் கூறுதல் நமக்குக் கடன். 1883ஆம் ஆண்டிலே மெல்போண் நகரத்தில் இரட்சணிய சேனையார் சிறைவாயிலிற் காத்துநின்று, வெளிவருவோரை அழைத்துச்சென்று தங்க வீடும் கொடுத்தனர். மதமாற்றத்தைக் கண்டித்து நம்மவர் செலவிட்ட தாளும் மையும் மிகப் பல. சிறைவாயிலிற் காத்துநின்ற சைவர் எத்துணையர்?

செய்யத்தக்கது பெரிதன்று. விடுதலை நாளிலே ஒருவர் பஸ் கட்டணத்தோடு சென்று அழைத்துவரலாம். தோட்டத் தலைவரோடு பேசி ஆபீசிலே பேர் பதியச் செய்யலாம். மறுநாட் காலை பக்கத்து வீட்டார் ஒருவர் அவனைப் பெரட்டுக்கு உடனழைத்துப் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலிருந்தால், சிறையின் நெருக்கத்திலே சயரோகம் எளிதிற் பற்றுமாதலால், சளியைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் அவசியம். எல்லாவற்றினும் கடியது வேலை விட்டபின் வரும் மாலைப்பொழுது. அப்பொழுதிலே மாரியம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் பணியையோ நந்தவனத்தைத் துப்புரவாக்கும் பணியையோ அவனிடம் ஒப்புவிக்கலாம். அப்பர் சுவாமிகள் கையிலேந்திய உழவாரத்தை அவன் தொடலாகாது என்பார் உளராயின் அவரோடு வாதிட நமக்கு நேரமில்லை. உபதேசம் மாத்திரம் வேண்டா. அது அவனுக்குச் சிறையிலேயே போதிய அளவு கிடைத்திருக்கும்.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பு நடுவே பிள்ளையிடம் தந்தையைப் பற்றி வினவுதல் கூடாது என்பதை ஆசிரியர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அத்தகைய பிள்ளையின் தவணை அறிக்கையைத் தாயிடமே காட்டிக் கையொப்பம் வாங்கிவருமாறு சொல்லும் ஆசிரியர் சிலர் உளர். தந்தை ஊருக்கு வந்துவிட்டானாயின் அவ்வறிக்கையை அவனிடமே அனுப்புக. எழுதத் தெரியாதவனாயின் பிள்ளையே கைபிடித்து எழுதுவிக்கட்டும்.