இரத்தம் சொன்னதை யாரிடம் சொல்வது?

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் சத்தியத்திற்குச் சாட்சியான தெய்வம். வழக்கில் சிக்கியவர்கள் திருக்குளத்தில் நீராடி அவர் சந்நிதியில் பிரமாணம் செய்வது அவ்வட்டாரத்தில் நெடுநாளைய வழக்கம். தலபுராணமோ சகோதரர்களைப் பற்றியது. பார்வையற்ற ஒருவர், செவி கேளாத ஒருவர், வாய் பேச இயலாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் வறண்ட கிணற்றை ஆழப்படுத்தியபோது கருவி ஒரு கல்லில் பட்டது. கிணற்று நீர் இரத்தமாகச் சிவந்தது. அக்கணமே மூவரின் குறையும் நீங்கியது.

அந்த விநாயகரின் பக்தரான சித்தூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அவருக்கும் இரத்தமும் உடன்பிறப்பும் சேர்ந்தே ஒரு கேள்வியாக வந்தன. புகை, மது அறியாதவர், நாள்தோறும் நடப்பவர். ஆயினும் 42-ஆம் வயதில் மாரடைப்பு. பிழைத்தெழுந்த பின் மருத்துவர் எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று லிப்போபுரோட்டீன் ஏ, சுருக்கமாக எல்.பி.ஏ. மருத்துவர்கள் இதைச் 'சின்ன ஏ' என்றும் சொல்வதுண்டு. பெயர்தான் சின்னது.

கெட்ட கொழுப்பு என்று நாம் அழைக்கும் எல்.டி.எல். துகளோடு வேறொரு புரதம் வாலைப்போல ஒட்டிக்கொண்டிருப்பதே இந்த எல்.பி.ஏ. நார்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் 1963-இல் இதைக் கண்டறிந்தார். வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது தனியாகத் தெரிவதில்லை. கேட்டு எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இரத்தக் குழாய் அடைப்புக்கான அபாயம் கூடுதல் என்பர். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இவ்வகையினர். ஐரோப்பியரைவிடத் தெற்காசியர்களிடம் இதன் சராசரி அளவு அதிகம். ஆசிரியருக்கு 110 இருந்தது.

"எதைக் குறைத்துச் சாப்பிட்டால் இது இறங்கும்?" என்று அவர் கேட்டார். இறங்காது என்றார் மருத்துவர். இந்த அளவைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வரும் ஒரு மரபணுவே தீர்மானிக்கிறது. சிறுவயதில் நிலைபெற்றபின் பத்தியமோ உடற்பயிற்சியோ அதைப் பெரிதும் அசைப்பதில்லை. ஆகவேதான் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். வயது வந்த ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய இரத்தக்குழாய் நோயியல் சங்கம் 2022-இல் பரிந்துரைத்தது. இதைப் பெருமளவு குறைக்கக்கூடிய புதிய மருந்துகள் ஆராய்ச்சியில் உள்ளன.

மாற்ற முடியாததை அறிந்து என்ன பயன்? நம்மில் பலர் உடனே 'பிராரப்தம்' என்று சொல்லிவிடுவோம். நோயுற்றவனிடம் 'இது உன் கர்மவினை' என்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அது வேதாந்தமும் அன்று. வில்லை விட்டுச் சென்ற அம்புக்குப் பிராரப்தத்தை ஒப்பிட்ட அதே சாஸ்திரம்தான், இப்போது நாம் செய்வதை ஆகாமியம் என்று தனியே பிரித்துக் காட்டியது. 110 என்ற எண் மாறாது. ஆனால் அந்த எண்ணோடு கைகோத்து இதயத்தைத் தாக்கும் எல்.டி.எல்., இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவை நம் முயற்சிக்கு உட்பட்டவை. எண் அதிகமாக இருந்தும் நெடுங்காலம் நலமாக வாழ்வோர் உண்டு. அபாயம் வேறு, நோய் வேறு.

ஆசிரியரைத் தடுமாற வைத்தது மருத்துவரின் அடுத்த வார்த்தை. "உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கும் இருக்க ஏறக்குறைய பாதி வாய்ப்புண்டு."

தங்கை திருப்பதியில் இருந்தாள். அவள் மகளுக்கு வரன் அமைந்து நிச்சயதார்த்தத்திற்கு நாள் குறித்திருந்தார்கள். "இந்த நேரத்திலா இதைச் சொல்வாய், அப்பா? குடும்பத்திலேயே இதயநோய் என்று சம்பந்தி வீட்டார் பின்வாங்கிவிட்டால்?" என்று அன்னை கைகூப்பாத குறையாகக் கேட்டார். அந்த அச்சத்தை எளிதில் இகழ முடியாது. வரன் பார்க்கும் உலகம் இரக்கமற்றது. ஆனால் தங்கைக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. நிச்சயம் முடிந்ததும் அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏறித் திருமலைக்கு நடப்பதாக. அவள் ஒருநாளும் இதயப் பரிசோதனை செய்துகொண்டவள் அல்லள். இதயநோய் உள்ளவர்கள் நடைபாதையைத் தவிர்ப்பது நல்லது என்று 2024-இல் தேவஸ்தானமே அறிவுறுத்தியிருந்தது. தனக்கு நோய் உண்டா என்று அறியாதவளுக்கு அந்த அறிவுரை எப்படிப் பயன்படும்?

காணிப்பாக்கத்தில் ஒருவன் பொய் சொல்ல அஞ்சுகிறான். சொல்லாமல் இருந்துவிட அஞ்சுகிறானா? ஆசிரியர் பொய் ஏதும் சொல்லவில்லை. வாய் திறக்காமல் இருந்தார், அவ்வளவே. ஆனால் அந்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது அவருடைய இரகசியம் மட்டுமன்று. அது தாய் தந்தையர் வழியே வந்த பொதுச் சொத்து. பூர்விக நிலத்தில் உடன்பிறந்தவர் பங்கை மறைப்பவனை நாம் என்ன சொல்வோம்?

எனினும் உண்மையை எப்படியும் எறிந்துவிடலாம் என்பதில்லை. வாக்கின் தவத்தை விளக்கும் கீதையின் பதினேழாம் அத்தியாயம், மெய்யாயிருப்பதோடு அச்சொல் பிறரைக் கலங்கடிக்காததாகவும், இனியதாகவும், நன்மை தருவதாகவும் இருக்கக் கேட்கிறது. இதைப் பேசாதிருக்க அனுமதி என்று படிப்பவர் உண்டு. எனக்கு அது, சொல்வதற்குரிய உழைப்பைக் கேட்பதாகவே படுகிறது.

ஆசிரியர் தொலைபேசியில் சொல்லவில்லை. பேருந்தேறித் திருப்பதிக்குப் போனார். தங்கையையும் மைத்துனரையும் அமர்த்தி, எண் என்றால் என்ன, நோய் என்றால் என்ன என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினார். மறுநாள் அவளே இரத்தம் கொடுத்தாள். அவளுக்கு வந்தது 14. பிற இதயப் பரிசோதனைகளிலும் குறையில்லை. நிச்சயதார்த்தம் நடந்தது, படிகளையும் ஏறினாள். அண்ணனிடம் அவள் கேட்டது ஒன்றே: "இருபது நாள் ஏன் தாமதித்தாய், அண்ணா?"

பெங்களூரில் இருக்கும் தம்பி வேறு விதம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரிய வேண்டாம், அண்ணா" என்றான். அறியாதிருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டுதான். ஆசிரியர் வற்புறுத்தவில்லை. பரிசோதனையின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சீட்டில் எழ்ுதிக் கொடுத்தார். தம்பி அதைக் கிழித்தெறியவில்லை. மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.