திருடனிடம் திருடலாமா?

எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் சிறுவர்களுக்காக எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்ற நாவல் 1929-இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் குஸ்தாவ் என்ற பையனின் ஹாரனைப் பற்றிச் சொல்வார். ஒருவர், ராத்திரி முழுவதும் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேடிக்கை எதையும் பார்க்காமல் கடமையைச் செய்த ‘செவ்வாய்க்கிழமை’ என்ற பெயருள்ள பொடியன்தான் உண்மையான கதாநாயகன் என்பார். பெண்களோ, எமிலின் உறவுக்காரியான அந்தப் போனி என்கிற பெண்ணைக் காப்பி ஊற்றிக் கொடுக்கத்தானா கதைக்குள் கொண்டுவந்தார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் அரைப் பக்கம்கூட வராத ஒரு வாக்குவாதம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ நாவலின் உயிர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

கதை இதுதான். எமிலின் அம்மா கணவனை இழந்தவள். ஊராருக்குத் தலை அலசிவிட்டு, முடி சீவிவிட்டுப் பிழைப்பவள். அவள் சேர்த்த நூற்று நாற்பது மார்க்கை எடுத்துக்கொண்டு பையன் பெர்லினுக்கு ரயில் ஏறுகிறான். நூற்று இருபது பாட்டிக்கு; மீதி அவன் செலவுக்கு. கவரையும் நோட்டுகளையும் சேர்த்துச் சட்டை உள்துணியோடு ஒரு குண்டூசியால் குத்தி வைத்துக்கொள்கிறான். தூங்கி விழித்தால் பணம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த தொப்பிக்காரரும் இல்லை. போலீஸிடம் போகப் பயம். ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்கு மீசை வரைந்துவிட்டு வந்தவன் அவன்! ஆகவே தானே பின்தொடர்கிறான். பெர்லின் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

அப்போது குஸ்தாவ் யோசனை சொல்கிறான்: அவன் திருடியதை நாம் திருடி எடுத்துக்கொண்டால் போயிற்று! ‘பேராசிரியன்’ என்று பட்டம் வாங்கிய பையன் மறுக்கிறான்: அப்படிச் செய்தால் நாமும் திருடர்கள்தான். குஸ்தாவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. என் பொருளை நான் எடுத்தால் திருட்டா? சண்டையைத் தீர்த்துவைப்பவன் எமில். ரகசியமாக எடுத்தால் திருட்டுத்தான். பொருள் யாருடையதாயிருந்தாலும் சரி என்ற பொருளில் அவன் பேசுகிறான். பறிகொடுத்தவனே சொல்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஜெர்மன் சட்டத்தில் பிறர் பொருளை எடுத்தால்தான் திருட்டு. எமிலின் பேச்சு கோர்ட்டில் எடுபடாது. எடுபட வேண்டியதும் இல்லை. அவன் பொருளைப் பற்றிப் பேசவில்லை. எடுக்கிற கையைப் பற்றிப் பேசுகிறான். இருட்டில் தலையணைக்கடியில் நுழைகிற கைக்கு, எடுப்பது தன்னுடையதா பிறருடையதா என்ற வித்தியாசம் வெகு சீக்கிரம் மறந்துபோகும் என்பது என் எண்ணம்.

மறுநாள் காலை நடப்பது இதற்கு நேர் எதிரானது. பட்டப்பகலில், நடுத்தெருவில், ஏராளமான பிள்ளைகள் அந்த மனிதரோடு கூடவே நடக்கிறார்கள். இந்த இடம் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஒரு தனி மனிதனைக் கூட்டம் சூழ்ந்துகொள்வது என்ன வீரம், அதுவும் ஜெர்மனியில் என்கிறார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய அபிப்பிராயம் அல்ல. 1933 மே 10-ஆம் தேதி பெர்லினில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தியபோது கேஸ்ட்னரின் புத்தகங்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். எமிலை மட்டும் அன்று விட்டுவைத்தார்கள்.

ஆனாலும் இரண்டு கூட்டமும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். எமிலின் கூட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை. பாங்கிக்குள் கத்திய கத்தலுக்கு அங்கே மதிப்பில்லை. நோட்டுகளில் குண்டூசித் துளை இருக்கிறதா பாருங்கள் என்று எமில் சொன்ன பிறகுதான் விஷயம் தீர்கிறது. நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்கள், துளை இருக்கிறது. இல்லாதிருந்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டியதுதான். (பிற்பாடு வருகிற ஆயிரம் மார்க் வெகுமதி எனக்குச் சற்றுத் திகட்டுகிறது. நல்லவனாக இருந்ததற்கு வட்டி கொடுத்த மாதிரி!)

நான் இந்தக் கதையை ஒரு பெரியவருக்குச் சொன்னேன். அவருடைய பங்கிலிருந்த தென்னந்தோப்பைக் கூடப்பிறந்த அண்ணனே பத்திரத்தை மாற்றி எழுதி எடுத்துக்கொண்டார். இவர் சில வருஷங்கள் ராத்திரியில் ஆள்விட்டுக் காய் இறக்கி விற்றிருக்கிறார். ஒளிக்காமல் சொல்கிறவர். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பையன் சொல்றது சரிதாங்க. ஆனா அவனுக்கு அத்தனை பேர் கூட வந்தாங்க. எனக்கு யார் வந்தாங்க?” என்றார்.

நான் கேட்ட அபிப்பிராயங்களுள் கனமானது இதுதான். அவர் பேச்சில் கசப்புக்கூட இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஊரிலே அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆளில்லை. பகலில் போய் நிற்க வழியில்லாதவனுக்கு ராத்திரியையும் மூடிவிடுவது யாருக்கு நியாயம்?

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எமில் அந்தப் பேச்சைப் பேசும்போது அவனைச் சுற்றி ஏற்கனவே ஒரு பட்டாளம் நிற்கிறது. அதற்குச் சற்று முன்னால் அவன் தனியாக இருந்தான். டிராமில், டிக்கெட்டுக்குக்கூடக் கையில் காசில்லாமல், முன்னால் நிற்கிற திருடனைப் பார்த்துக்கொண்டு போனான். முன்பின் தெரியாத ஒருவர் அவனுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.