கண்களும் உண்கின்றன

சில மாதங்களுக்கு முன் மாலை ஆரத்தி முடிந்த வேளையில் ஓர் அன்பர் தம் துணைவியாருடன் என்னைக் காண வந்தார். பணி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக ஆசிரமத்துடன் தொடர்பு உடையவர். அவர் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் இருந்தது. வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளை ஒரு சிறு கப்பலில் பத்து நாட்கள் சுற்றிவரும் பயணத்தைப் பற்றியது அது. நூறு பேருக்கும் குறைவான பயணிகளே கப்பலில் இருப்பார்கள். பனிக்கரடியை அது வாழும் இடத்திலேயே காண்பதுதான் பயணத்தின் நோக்கம்.

"வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று இவளுக்கு ஆசை, சுவாமிஜி. அதற்கென்றே பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். மகள்தான் கூடாது என்கிறாள். நாம் இப்படிப் பறந்து போய்ப் பார்ப்பதால்தான் அங்கே பனி உருகுகிறதாம். ஒன்றைப் பார்ப்பதுகூடப் பாவமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை.

ஸ்வால்பார்ட் நார்வே நாட்டைச் சேர்ந்த தீவுக்கூட்டம். அது நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று. 1920-இல் அத்தீவுகள் குறித்து ஏற்பட்ட உடன்படிக்கையில் அன்றைய இந்தியாவும் ஒப்பமிட்டது. 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற நமது ஆய்வு நிலையம் அங்கே செயல்பட்டு வருகிறது. ஆண்டு முழுவதும் அத்தீவுகளிலேயே தங்கி வாழும் பனிக்கரடிகள் ஏறத்தாழ 300 என்கிறார்கள்.

மனிதன் அங்கே பனிக்கரடியைப் 'பார்த்த' வரலாறு படிக்க இனிமையானதன்று. 1596-இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் குழுவினர் அத்தீவுகளுக்குத் தெற்கே கடலில் ஒரு வெண்கரடியைக் கண்டனர். படகில் துரத்திச் சென்று, நெடுநேரம் போராடி, அதைக் கொன்றனர். அருகில் இருந்த தீவுக்குக் கரடித்தீவு என்று பெயரும் இட்டனர். இன்றும் அதே பெயர்தான். பின்னர் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். இரையை இழுத்ததும் தானே வெடிக்கும் துப்பாக்கிப் பொறிகளை அமைத்துத் தோலுக்காகக் கரடிகளைக் கொன்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், பணம் கட்டிக் கப்பலில் வந்து, மேல்தளத்தில் நின்றபடியே கரடியைச் சுட்டுத் தோலை வீட்டுச் சுவருக்குக் கொண்டுசென்ற சீமான்களும் இருந்தார்கள். 1973-இல் ஐந்து வடபுல நாடுகள் பனிக்கரடிகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டில் ஸ்வால்பார்டிலும் பனிக்கரடிக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று அந்தக் கடலில் செல்லும் பயணிகளின் கையில் இருப்பது கேமரா. இது பெரிய முன்னேற்றம்தான், ஐயமில்லை.

ஆயினும் மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்கள் சில இடங்களில் முள்ளாகத் தைக்கும். துப்பாக்கியால் சுடுவதற்கும் கேமராவால் படமெடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல். தமிழில் அப்படி இல்லையே என்று பெருமைப்பட்டால், நாமும் படம் 'எடுக்கிறோம்', படம் 'பிடிக்கிறோம்'. கோயிலுக்குச் சென்று தெய்வத்தை 'எடுத்து' வந்தோம் என்று யாரும் சொல்வதில்லை. தரிசனம் கிடைத்தது என்றே சொல்கிறோம்.

பார்த்தல் எப்போது எடுத்தலாகிறது? சாந்தோக்கிய உபநிஷதம் ஆகாரத் தூய்மையைப் பற்றிப் பேசும் இடம் அன்பர்கள் அறிந்ததே. ஸ்ரீராமானுஜர் அங்கே ஆகாரம் என்பதை நாம் உண்ணும் உணவாகவே கொள்கிறார். ஸ்ரீசங்கரரோ புலன்கள் வழியே உள்ளே கொண்டுவரப்படும் அனைத்தையும் ஆகாரமாகக் கொள்கிறார். அவர் பொருள்படி பார்த்தால் கண்ணும் உண்கிறது, காதும் உண்கிறது. ஆனால் முண்டக உபநிஷதம் ஒரே மரத்தில் இரு பறவைகளைக் காட்டும்போது, ஒன்று கனியை உண்கிறது. மற்றது உண்ணாமல் பார்த்திருக்கிறது. இங்கே பார்த்தலும் உண்ணுதலும் எதிரெதிரானவை. மாணவப் பருவத்தில் இவ்விரண்டும் முரண்படுவதாக எண்ணி நான் வீணே குழம்பியதுண்டு. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: உண்பவனுக்குப் பொருள் தன்னை நோக்கி வரவேண்டும். கனி கைக்கு வரவேண்டும், கையிலிருந்து வாய்க்கு வரவேண்டும். பார்த்திருக்கும் பறவை கனியை அருகே வரச் சொல்வதில்லை.

அந்தக் கப்பல்களில் அடிக்கடி எழும் வேண்டுகோளும் 'இன்னும் கொஞ்சம் அருகில்' என்பதாகத்தான் இருக்கும். நார்வே அரசின் சட்டம் சரியாக அந்த இடத்தில் கை வைத்திருக்கிறது. 2025 ஜனவரி முதல், மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூன் இறுதிவரை பனிக்கரடிக்கு 500 மீட்டர் தூரத்திற்குள் எவரும் நெருங்கக் கூடாது. மற்ற மாதங்களில் 300 மீட்டர். அறியாமல் நெருங்கிவிட்டாலும் பின்வாங்கியே ஆகவேண்டும். கப்பல் சிறிதாயினும் பெரிதாயினும் விதி ஒன்றே. 500 மீட்டர் தூரத்தில் ஒரு பெரிய ஆண் கரடிகூட, நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே தெரியும். அதைக் காணவா இத்தனை இலட்சம் என்று சிலர் முணுமுணுக்கக்கூடும்.

கரடியின் பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்க்க வேண்டும். சீல் என்னும் கடல்விலங்கு மூச்சு வாங்குவதற்காகப் பனிப்பரப்பில் உள்ள துளைக்கு வரும். அந்தத் துளையின் அருகே கரடி அசையாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். பெரும்பாலான முயற்சிகள் வீணாகும். தாய்க்கரடியோ பனிக்குகைக்குள் குட்டிகளை ஈன்று, மாதக்கணக்கில் உண்ணாமல் அவற்றுக்குப் பாலூட்டி, வசந்த காலத்தில் வற்றிய உடலோடு வெளியே வருகிறது. அந்நேரத்தில் ஒரு படகின் ஓசையால் கலையும் வேட்டை, நமக்கு ஒரு படம். அதற்கு ஒரு வேளை உணவு.

2018 ஜூலையில் நடந்ததை எண்ணும்போது என் மனம் இன்னும் கனக்கிறது. ஸ்வால்பார்டின் வடகோடித் தீவு ஒன்றில் பயணிகள் இறங்கும் முன் பாதுகாவலர்கள் கரையை ஆராயச் சென்றார்கள். அதுவரை கண்ணில் படாத ஒரு கரடி அவர்களுள் ஒருவரைத் தாக்கியது. அவர் தலையில் காயமுற்றார். கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. அங்கே எவரிடமும் தீய எண்ணம் இல்லை. எல்லாரும் காண வந்தவர்களும் காட்ட வந்தவர்களுமே.

நேரில் கண்டவர்களே பிறகு அவ்வுயிர்களுக்காகப் பேசுகிறார்கள் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. காணாத ஒன்றின்மீது அன்பு பிறப்பது அரிது. ஆனால் மகளின் வாதமும் எளிதில் தள்ளத் தக்கதன்று. வளிமண்டலத்தில் சேரும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும், செப்டம்பர் மாத ஆர்க்டிக் கடற்பனியில் ஏறத்தாழ 3 சதுர மீட்டர் மறைகிறது என்று 2016-இல் அறிவியலாளர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். இரண்டு பாய் விரிக்கும் இடம். இங்கிருந்து விமானத்தில் அவ்வளவு தூரம் சென்று திரும்பும் ஒருவர் பங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் வரும். கரடி எந்தப் பனியின்மேல் நிற்கிறதோ அந்தப் பனியைச் சிறிது செலவழித்தே நாம் அதைக் காண்கிறோம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்பதும் ஐயமே. கங்கோத்ரிக்கு நானும் நடந்து போகவில்லை. ஜீப்பில்தான் சென்றேன். பனியாறு பின்வாங்கிவிட்டதைக் கண்டு வருந்திவிட்டு, அதே ஜீப்பில் திரும்பினேன்.

ஆகவே அந்தத் தம்பதியிடம் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "பத்து நாட்களும் கரடியே தென்படாவிட்டால்?"

"அப்படி ஆகாது, சுவாமிஜி. பெரும்பாலும் தென்படும் என்று இதில் போட்டிருக்கிறார்கள்" என்றார் அவர்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், சுவாமிஜி. பொய் சொல்லக் கூடாது" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தச் சிறு புத்தகம் என் மேசைமேல் கிடக்கிறது. மறந்து போனார்களா, வேண்டுமென்றே விட்டுச் சென்றார்களா என்று தெரியவில்லை. அட்டையில் ஒரு கரடி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. மூக்கின் ஈரம்கூடத் தெரிகிறது. எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படம் என்று மட்டும் அதில் எங்கும் போடவில்லை.